நீர்மூழ்கியில் ஏறிப் பவளப்பாறை பார்ப்பது: முதன்முறை போகிறவர்களுக்கு

நீந்தத் தெரியாதவர்களுக்கும், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் குதிக்க மனமில்லாதவர்களுக்கும் பவளப்பாறையை அதன் ஆழத்திலேயே பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது: சுற்றுலா நீர்மூழ்கி. துணி நனையாது, காது அடைக்காது, மூச்சுப் பயிற்சி எதுவும் வேண்டாம். அப்படியும் ஏறி இறங்கியவர்களில் பலர் "எல்லாம் நீலமாத்தான் இருந்துச்சு, ஒண்ணும் பெரிசா தெரியல" என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். பெரும்பாலும் கப்பலில் குறை இருக்காது. கடலுக்கடியில் வெளிச்சம் எப்படி நடந்துகொள்ளும், பவளம் உயிரோடு இருந்தால் எப்படித் தெரியும், பார்வையை எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மூன்றும் தெரிந்தால் அதே நாற்பது நிமிடத்தில் பத்து மடங்கு பார்க்கலாம்.

முதலில், எதில் ஏறுகிறீர்கள்?

"நீர்மூழ்கிப் பயணம்" என்ற பெயரில் மூன்று வகைப் படகுகளுக்கு டிக்கெட் விற்கிறார்கள்.

ஒன்று, கண்ணாடி அடித்தளப் படகு. இது சாதாரணப் படகுதான், அடியில் மட்டும் கண்ணாடி. நேர் கீழே பார்க்கலாம். ஓரிரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் பவளத்திட்டுக்கு இது போதும்.

இரண்டாவது, அரைமூழ்கி. வெளியிலிருந்து பார்த்தால் நீர்மூழ்கி போலவே இருக்கும், பல இடங்களில் மஞ்சள் வண்ணம்கூட அடித்திருப்பார்கள். மேல்தளம் எப்போதும் தண்ணீருக்கு மேலேயே நிற்கும். படிக்கட்டில் இறங்கினால் நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றரை இரண்டு மீட்டரில் நீளமான அறை, இருபுறமும் ஜன்னல்கள். இது மூழ்கவே மூழ்காது. அதனால் அழுத்தம், காற்று பற்றிய கவலை இல்லை. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், மூடிய இடத்தில் பயப்படுகிறவர்களுக்கும் இதுவே சரியான தேர்வு. ஆழமற்ற பவளத்திட்டை இதிலிருந்து பார்த்தால் நிறம்கூட நன்றாகத் தெரியும். அலை இருக்கும் நாளில் ஆடும் என்பதுதான் குறை.

மூன்றாவதுதான் உண்மையான நீர்மூழ்கி. மேல்மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டு முழுதாகக் கீழே போகும். பெரும்பாலும் 30 மீட்டர் வரை, சில இடங்களில் இன்னும் கொஞ்சம் ஆழம்.

பதிவு செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மேல்மூடியை மூடிவிட்டு முழுவதும் மூழ்குமா, எத்தனை மீட்டர்?" பதிலில் மீட்டர் கணக்கு இல்லாமல் "கடலுக்கடியில் பார்க்கலாம்" என்று மட்டும் வந்தால் அது அரைமூழ்கி என்று எடுத்துக்கொள்ளலாம்.

பயணிகளை ஏற்றிச் செல்வதற்கென்றே கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கி கடலில் ஓடவில்லை, ஏரியில் ஓடியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1964-இல் நடந்த தேசியக் கண்காட்சிக்காக ழாக் பிக்கார் வடிவமைத்த அந்தக் கப்பல், ஒரு தடவைக்கு 40 பேரை ஜெனீவா ஏரிக்குள் இறக்கிக் காட்டியது. பவளப்பாறைக்கு இந்த முறை வந்து நிலைத்தது 1980-களில். கரீபியக் கடலின் கிராண்ட் கேமன் தீவில் 1986-இல் தொடங்கிய சேவைக்குப் பிறகு பார்படோஸ், அருபா, ஹவாய், செங்கடலோரத்து ஹுர்காடா எனப் பல இடங்களுக்கு இது பரவியது.

எப்படி மூழ்குகிறது, எப்படி எழுகிறது

48 பேர் உட்காரும் வழக்கமான கப்பல் ஏறக்குறைய 20 மீட்டர் நீளம், 80 டன் எடை. உருளை வடிவ எஃகு உடல். பயணிகள் இருப்பது அதற்குள்ளேதான். உருளைக்கு வெளியே பக்கவாட்டில் பேலஸ்ட் தொட்டிகள். மேலே மிதக்கும்போது அவற்றில் காற்று நிறைந்திருக்கும். மூழ்கும் நேரத்தில் பைலட் தொட்டியின் மேல் வால்வைத் திறப்பார். காற்று வெளியேறும், அடித்திறப்பு வழியே கடல்நீர் உள்ளே வரும். அப்போது ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று குமிழ்கள் பொங்கி எதையும் காணவிடாமல் மறைக்கும். முதன்முறை போகிறவர்கள் ஏதோ கசிகிறது என்று பதறுவது இந்த இடத்தில்தான். அது தொட்டியிலிருந்து போகும் காற்று. சில விநாடியில் தெளிந்துவிடும்.

தொட்டி நிரம்பினாலும் கப்பல் கல்லைப் போல அமிழ்ந்துவிடாது. சுற்றுலா நீர்மூழ்கிகள் பலவற்றை நீருக்கடியிலும் சற்றே மிதக்கும் நிலையிலேயே வைத்திருப்பார்கள். மேலும் கீழும் தள்ளும், மின்சாரத்தில் சுழலும் விசிறி போன்ற உந்திகள்தான் அதைக் கீழே பிடித்து வைக்கின்றன. மின்சாரம் நின்றுவிட்டால், யாரும் எதுவும் செய்யாமலேயே கப்பல் மெல்ல மேலே வரவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். அதற்கு மேலும் இரண்டு வழிகள் உண்டு. உயர் அழுத்தச் சிலிண்டரிலிருந்து காற்றைப் பாய்ச்சித் தொட்டித் தண்ணீரை வெளியே தள்ளலாம். அடியில் மாட்டியிருக்கும் கனமான எடையைக் கழற்றி விடலாம்.

இவ்வளவு நுட்பமான சமநிலையில் ஓடுவதால் பயணிகளின் எடையும் கணக்கில் வரும். நாற்பது பேர் ஏறும்போது பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்பதைப் பொறுத்து ஆயிரம் கிலோ வரை எளிதாக வித்தியாசம் வரும். சரிக்கட்டும் தொட்டிகளில் தண்ணீரை ஏற்றி இறக்கி அதை ஈடுகட்டுவார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் எடை சமமாக வேண்டும் என்பதால்தான் பணியாளர் இருக்கையைச் சுட்டிக்காட்டி உட்காரச் சொல்கிறார். குடும்பத்தோடு சேர்ந்து உட்கார விருப்பம் என்றால் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே போனபின் இடம் மாற்றிக்கொள்வது அவர்களுக்குத் தொந்தரவு. ஓடும்போது எழுந்து ஒரே பக்கம் குவிந்தால் கப்பல் சாய்வதை உடலிலேயே உணரலாம்.

ஓட்டத்துக்கு பேட்டரி. இரவில் கரையில் கட்டிவைத்து மின்னேற்றம் செய்வார்கள். நீருக்கடியில் வேகம் ஒன்றரை முதல் மூன்று நாட் வரைதான், அதாவது மனிதர் நடக்கும் வேகம் அல்லது அதற்கும் குறைவு. எஞ்சின் இரைச்சலோ புகையோ இல்லை. மேலே ஒரு துணைப்படகு கூடவே வரும். அதில் இருப்பவர் மற்ற படகுகளை விலக்குவார், கீழே உள்ள பைலட்டோடு ஒலி அலை மூலம் இயங்கும் நீரடித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் சில மீட்டர்கூடத் தாண்டாது. உங்கள் கைபேசிக்கும் அதே நிலைமைதான்.

உள்ளே காற்றும் அழுத்தமும்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் வெளியே மொத்தம் நான்கு வளிமண்டலம். உள்ளே கரையில் இருந்த அதே ஒன்றுதான். அந்த வித்தியாசம் முழுவதையும் எஃகு உடலும் ஜன்னலும் தாங்குகின்றன. அரை மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்ட ஜன்னலின்மேல் அந்த ஆழத்தில் விழும் விசை ஏறக்குறைய 6 டன். அதனால்தான் ஜன்னலுக்குக் கண்ணாடி போடாமல் தடிமனான அக்ரிலிக் போடுகிறார்கள். சாதாரணக் கண்ணாடி பட்டென்று நொறுங்கிவிடும். அக்ரிலிக் சற்று வளைந்து கொடுக்கும், வெளி அழுத்தம் கூடக்கூடத் தன் சட்டத்தில் இன்னும் இறுக்கமாக உட்காரும்.

அழுத்தம் உங்கள் உடம்பில் படாததால் ஸ்கூபா மூழ்காளர்களுக்குள்ள கட்டுப்பாடு எதுவும் உங்களுக்கு இல்லை. ரத்தத்தில் கூடுதல் நைட்ரஜன் கரையாது, மேலே வரும்போது நின்று நின்று வரத் தேவையில்லை, இறங்கிய அன்றே விமானமும் ஏறலாம். மேல்மூடியை மூடும்போதும் திறக்கும்போதும் காதில் லேசான அழுத்த மாற்றம் தெரியலாம், அவ்வளவுதான்.

மூச்சுக்கான காற்று இரண்டு வேலையால் நடக்கிறது. ஒன்று, சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனை அளந்து விடுவது. உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மணிக்கு சுமார் 25 லிட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 48 பேருக்கு 1,200 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 50 லிட்டர் சிலிண்டர் ஒன்றில் 10,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும், எனவே ஒரே சிலிண்டர் எட்டு மணி நேரத்துக்கு வரும். இரண்டாவது வேலைதான் உயிர்நாடி: நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை அகற்றுவது. சோடா சுண்ணாம்புத் துகள்கள் நிறைந்த பெட்டி வழியே விசிறி காற்றைச் செலுத்தும், சுண்ணாம்பு அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மூடிய அறையில் ஆக்சிஜன் தீருவதற்கு வெகு முன்பே இந்த வாயு கூடித் தலைவலியும் மூச்சுத்திணறலும் கொடுக்கும் என்பதால், பைலட்டின் கண் அதை அளக்கும் கருவிமேல் எப்போதும் இருக்கும். முறையாகப் பதிவான பயணிகள் நீர்மூழ்கிகள், திட்டமிட்ட பயண நேரத்துக்கு மேல் 72 மணி நேரத்துக்கான காற்றுக் கையிருப்போடு போகவேண்டும் என்பது இந்தத் துறையின் பொதுவான அளவுகோல்.

நிறம் எங்கே போனது?

விளம்பரப் படத்தில் பவளம் சிவப்பும் ஆரஞ்சும் ஊதாவுமாக ஜொலிக்கும். அவை பெரும்பாலும் பளீர் விளக்கை அருகில் வைத்து எடுத்த படங்கள். தண்ணீர் சூரிய வெளிச்சத்தின் நிறங்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. சிவப்பின் பெரும்பகுதி முதல் 5 மீட்டரிலேயே போய்விடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். 25, 30 மீட்டரில் மிஞ்சுவது நீலமும் கொஞ்சம் பச்சையும். சிவப்பு நிறத்து மீன் அங்கே கருஞ்சாம்பலாகத் தெரியும்.

பலர் மறந்துவிடும் விஷயம், ஆழம் மட்டும் கணக்கில்லை, தொலைவும் சேரும். மேலிருந்து 10 மீட்டர் இறங்கிய வெளிச்சம், பவளத்தில் பட்டு 5 மீட்டர் பக்கவாட்டில் வந்து உங்கள் ஜன்னலை அடைந்தால் அது மொத்தம் 15 மீட்டர் தண்ணீரைக் கடந்திருக்கிறது. ஆகவே தொலைவில் மங்கலாகத் தெரியும் பெரிய பாறையை உற்றுப் பார்ப்பதைவிட, ஜன்னலுக்குக் கீழே இரண்டு மூன்று மீட்டரில் வருவதைப் பாருங்கள். கப்பலின் வெளி விளக்குகள் எரிந்தால் இன்னும் நல்லது. அந்த வெளிச்சம் கடக்கும் தூரம் குறைவு என்பதால், அருகிலுள்ள கடற்பஞ்சுகளும் கடல் விசிறிகளும் தங்கள் சொந்த நிறத்தோடு சட்டென்று தெரியும்.

நிறம் நன்றாகத் தெரியும் நேரம் ஆழத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. இறங்கும்போதும் ஏறும்போதும் 5 முதல் 12 மீட்டர் வரை கடக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம். பெரும்பாலானவர்கள் அப்போது ஆழமானியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, அளவு. தட்டையான ஜன்னல் வழியே தண்ணீருக்குள் பார்க்கும்போது பொருட்கள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கிலும், உண்மை அளவைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். ஒரு மீட்டர் நீள மீனை 1.3 மீட்டர் என்று கரையில் வந்து சத்தியம் செய்கிறவர் பொய் சொல்லவில்லை.

பவளத்தைப் பார்க்கத் தெரிந்துகொள்வது

பவளம் பாறையும் இல்லை, செடியும் இல்லை. சில மில்லிமீட்டர் அளவுள்ள பாலிப் என்ற விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பு. ஒவ்வொரு பாலிப்பும் தனக்கடியில் சுண்ணாம்பைச் சுரந்து கிண்ணம் கட்டுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கட்டியதுதான் பாறை. பாலிப்பின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்து பாலிப்புக்கும் பெரும்பங்கு கொடுக்கின்றன. வெளிச்சம் வேண்டும் என்பதால்தான் பாறை கட்டும் பவளங்கள் பெரும்பாலும் 50 மீட்டருக்கு மேலேயே வாழ்கின்றன. 30 மீட்டர் நீர்மூழ்கிக்குப் பார்க்க இவ்வளவு கிடைப்பதும் அதனால்தான்.

அந்த நுண்பாசியின் நிறம் பழுப்பு. எனவே ஆரோக்கியமான பவளத்தில் பெரும்பாலானவை பழுப்பு, மங்கிய பச்சை, தேன் நிறமாகவே இருக்கும். "இங்கே எல்லாம் செத்துப்போச்சு போல" என்று பலர் கைகாட்டுவது, நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பவளத்தை. நேர்மாறாக, வெள்ளை வெளேரென்று மின்னும் பவளத்தை அழகு என்று படம் எடுப்பார்கள். அதுதான் துன்பத்தில் இருக்கிறது. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். திசு நிறமற்றுப்போய், உள்ளிருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். இதுவே வெளிறல். வெளிறிய பவளம் உடனே சாவதில்லை. தண்ணீர் விரைவில் குளிர்ந்தால் தேறும், இல்லையென்றால் பட்டினியில் சாகும். செத்தபின் சில வாரங்களில் அதன்மேல் பாசி படர்ந்து, தூசு படிந்த கம்பளித் துணி போன்ற மங்கலான பச்சைப் பழுப்புப் படலம் மூடிவிடும். உயிருள்ள பழுப்பையும் இந்தப் பழுப்பையும் பிரித்தறிய ஒரு வழி: உயிருள்ளதன் மேற்பரப்பு சுத்தமாக, சீரான புள்ளிகளும் வரிகளுமாகத் தெரியும். செத்ததன்மேல் நூல் நூலாக ஏதாவது அசையும், வடிவத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். கிளைப் பவளமாக இருந்தால் நுனியையும் பாருங்கள். நுனி மட்டும் வெளிர் நிறமாக இருந்தால் அது வளரும் இடம், நோய் இல்லை.

உலகம் முழுவதும் நான்காவது முறையாகப் பெரும் வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். எனவே நீங்கள் போகும் பாறையில் சமீபத்தில் வெளிறல் நடந்ததா, எவ்வளவு தேறியிருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நேர்மையாகப் பதில் சொல்கிறவரோடு போகும் பயணத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

வடிவங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஆழமானி இல்லாமலேயே எங்கே இருக்கிறோம் என்று ஊகிக்கலாம். அலை மோதும் மேல்பகுதியில் குட்டையான, தடித்த கிளைகள். சற்றுக் கீழே அமைதியான நீரில் நீண்ட மான்கொம்புக் கிளைகளும், மேசைபோல் விரிந்த பலகைப் பவளங்களும். உருண்டைப் பவளங்களும் மூளை மடிப்புப் பவளங்களும் பரவலாக இருக்கும். இவை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன, ஆளுயர உருண்டை ஒன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயதுடையதாக இருக்கலாம். கிளைப் பவளம் அதைவிடப் பல மடங்கு வேகமாக வளரும், அதே வேகத்தில் உடையவும் செய்யும். கீழே போகப்போகப் பவளங்கள் தட்டையாகி, ஓடு வேய்ந்தது போல் அடுக்கடுக்காகப் படரும். குறைந்த வெளிச்சத்தை அதிகப் பரப்பில் வாங்கிக்கொள்ளும் வழி அது. செங்குத்தான சுவர் வந்தால் கடல் விசிறிகளைத் தேடுங்கள். அவை நீரோட்டத்துக்குக் குறுக்காக விரிந்து நின்று, அடித்துவரும் மிதவையுயிர்களைப் பிடிக்கும். ஒரு சுவரில் எல்லா விசிறிகளும் ஒரே திசைக்கு முகம் காட்டுவதிலிருந்து நீரோட்டம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

மீன்களில், கிளிமீனைக் கவனியுங்கள். அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசி தின்னும். சுண்ணாம்பை அரைத்து மணலாக வெளியே விடும். பின்னால் மேகம் போல் வெள்ளைத்தூள் இறங்குவதைக் கப்பலிலிருந்தே பார்க்கலாம். வண்ணத்துப்பூச்சி மீன்கள் பெரும்பாலும் ஜோடியாகத் திரியும். அவற்றில் பல வகைகள் உயிருள்ள பவளத்தையே தின்பவை என்பதால், அவை நிறைய இருந்தால் பவளமும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு பெரிய களவா மீன் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றால் அவசரப்பட்டு வேறு பக்கம் திரும்பாதீர்கள். அங்கே விரல் நீளச் சுத்திகரிப்பு மீன் ஒன்று அதன் செவுளுக்குள் நுழைந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். பாறைப் பொந்துகளில், பாம்பு போல் நீண்ட அஞ்சாலை மீனின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அது வாயைத் திறந்து மூடுவது மூச்சுக்காக, மிரட்டலுக்கு இல்லை.

ஒன்றரை நாட் வேகத்தில் கப்பல் விநாடிக்கு முக்கால் மீட்டர் நகரும். ஒரு பவளத்திட்டு உங்கள் ஜன்னலில் பத்துப் பன்னிரண்டு விநாடிதான் இருக்கும். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ஜன்னலின் முன் விளிம்பில் நுழைவதிலிருந்து பின் விளிம்பில் மறைவதுவரை தொடருங்கள். பக்கத்து ஜன்னல்காரர் கத்தினால் ஓட வேண்டாம். பெரும்பாலான பைலட்டுகள் ஒரே சுவரைத் திரும்பி வந்து மறுபக்கப் பயணிகளுக்கும் காட்டுவார்கள்.

எந்த நேரம், எந்த நாள்

சூரியன் உச்சியை நெருங்கும்போது போங்கள், காலை 10-லிருந்து மதியம் 2 வரை. வெயில் சாயச் சாய நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்துவிடும் வெளிச்சம் கூடும். தெளிந்த வெப்பமண்டலக் கடலில் 20, 30 மீட்டர் தூரம் தெரியும். பெருமழைக்குப் பின் ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டினால் அது சில மீட்டராகச் சுருங்கும். ஆகவே பயணத்தின் கடைசி நாளுக்குப் பதிவு செய்யாதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வைத்துக்கொண்டால், கலங்கலாக இருந்தாலோ ரத்தானாலோ தள்ளிப்போட இடம் இருக்கும்.

ரத்து ஆவது பெரும்பாலும் கீழே உள்ள நிலையால் இல்லை. அலையின் ஆட்டம் ஆழத்தில் வேகமாகக் குறைந்துவிடும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 40 மீட்டர் இடைவெளி என்றால், 20 மீட்டர் ஆழத்தில் அந்த அசைவு கிட்டத்தட்ட இல்லாமலே போகும். தொலைவில் பிறந்து வரும் நீண்ட அலை மட்டும் ஆழத்திலும் எட்டும். சிக்கல் மேலே, படகிலிருந்து நீர்மூழ்கிக்குக் கால்மாற்றி ஏறும் இடத்தில். இரண்டும் வெவ்வேறு தாளத்தில் ஆடும்போது நடுவில் கால் வைப்பதுதான் முழுப் பயணத்திலும் அடிபட வாய்ப்புள்ள தருணம். வாந்தி வருவதும் அந்தப் படகுப் பயணத்திலேயே. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் போட்டால் பலன் குறைவு.

ஏறும்போது

மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், அதில் நீருக்கடியில் 40, 50 நிமிடம். கழிப்பறை இருக்காது, கரையிலேயே போய்விடுங்கள். உள்ளே இறங்க ஏறக்குறைய செங்குத்தான ஏணி. கப்பலுக்கு முகம் காட்டி, பின்னோக்கி, இரு கையாலும் பிடித்து இறங்க வேண்டும். எனவே தோளில் தொங்கும் பையும் கையில் கேமராவும் வேண்டாம். பாவாடை, புடவை, வேட்டி எல்லாம் ஏணியில் சிக்கும். கால்சட்டையும், குதிகால் பிடித்திருக்கும் ரப்பர் அடிச் செருப்பும் சரி. அடர்நிற மேலாடை போடுங்கள், காரணம் கீழே வரும்.

குழந்தைகளுக்குப் பல நிறுவனங்கள் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கின்றன. ஏணியில் தாமே ஏறி இறங்க முடியாதவர்களை ஏற்றமாட்டார்கள், அவசரத்தில் எல்லாரும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால். முழங்கால் வலி, சமீபத்தில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம், வலிப்பு, இதயக்கோளாறு இருந்தால் பதிவுக்கு முன்பே மருத்துவரிடமும் நிறுவனத்திடமும் பேசிவிடுங்கள். மூடிய இடம் என்றால் நெஞ்சு படபடப்பவர்கள் முதலில் அரைமூழ்கியில் போய்ப் பார்ப்பது நல்லது. ஒருவருக்கு நடுவழியில் பதற்றம் வந்தால் எல்லாருடைய பயணமும் முடிந்துவிடும்.

படம் எடுக்க

ஃப்ளாஷை அணையுங்கள். அக்ரிலிக்கில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பும், பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணையும் கூசவைக்கும். கைபேசியை ஜன்னலோடு ஒட்டிப் பிடித்து, லென்ஸைச் சுற்றிக் கையைக் குவித்து மறைத்தால் உள்விளக்கின் பிரதிபலிப்பு போய்விடும். வெள்ளைச் சட்டைதான் ஜன்னலில் மிக அதிகமாகப் பிரதிபலிக்கும், அடர்நிறம் கேட்டது அதற்காக. லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் தடிமனான அக்ரிலிக் உருவத்தை இழுத்துக் கலங்கலாக்கும். நேர் செங்குத்தாகப் பிடியுங்கள். கேமராவில் ஷட்டர் வேகம் 1/125 விநாடிக்குக் குறையாமல் வைத்து, ஒளியுணர்வைக் கூட்டுங்கள். ரா (RAW) என்ற பதப்படுத்தாத கோப்பு வடிவத்தில் எடுத்தால் நீலத்தைக் குறைத்து நிறத்தைப் பிறகு ஓரளவு மீட்கலாம். 15 மீட்டருக்குக் கீழே சிவப்பு வடிகட்டி பயன்படாது. இல்லாத சிவப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

பாதுகாப்பு: என்ன கேட்க வேண்டும்

டைட்டானிக்கைப் பார்க்கப்போய் 2023 ஜூனில் நொறுங்கிய டைட்டன் கலம் பலருடைய மனதில் இருக்கிறது. அது 3,800 மீட்டர் ஆழத்துக்குப் போக முயன்றது, கப்பல்களை ஆய்வு செய்து சான்று தரும் எந்த வகைப்பாட்டு நிறுவனத்திடமும் சான்று பெறாதது. 30 மீட்டர் எஃகு நீர்மூழ்கியோடு அதை ஒப்பிட முடியாது. அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் எகிப்தின் ஹுர்காடாவில் கரைக்கு அருகிலேயே ஒரு சுற்றுலா நீர்மூழ்கி மூழ்கி ஆறு பேர் இறந்தார்கள். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். கலத்துக்கு வகைப்பாட்டுச் சான்று இருக்கிறதா, கடைசி ஆய்வு எப்போது? மூழ்கும் இடத்தில் கடல்தரை கலத்தின் அனுமதிக்கப்பட்ட ஆழத்துக்குள் இருக்கிறதா? துணைப்படகு முழு நேரமும் கூட இருக்குமா? உள்ளே எத்தனை பணியாளர்?

ஏறியபின் கண்ணாலேயே சரிபார்க்க வேண்டியது இரண்டு. எல்லாரும் உட்கார்ந்து, மேல்மூடிகள் முழுவதும் பூட்டப்பட்டு, பணியாளர் அதைப் பைலட்டிடம் வாய்விட்டு உறுதி செய்தபிறகே மூழ்கத் தொடங்க வேண்டும். மூழ்கும் முன் உயிர்காப்புச் சட்டை, புகைக்கால மூச்சுமூடி, வெளியேறும் வழி மூன்றையும் காட்டியிருக்க வேண்டும். இதில் அவசரமோ அலட்சியமோ தெரிந்தால், மூடி திறந்திருக்கும்போதே இறங்கிவிட உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்து மேலே வந்தபின்னும், பெயர் சொல்லி அழைக்கும்வரை எழாதீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஏணிப் பக்கம் போனால் கப்பலின் சமநிலை கெடும்.

பாறைக்கு என்ன ஆகிறது

தொடாமல் பார்க்கும் பயணம் என்று சொன்னாலும் நீர்மூழ்கி தவறாக ஓடினால் பவளம் உடையும். 80 டன் கலம் நீரோட்டத்தில் தள்ளப்பட்டு ஒரே ஒருமுறை உரசினால், ஐம்பது ஆண்டு வளர்ச்சி போய்விடும். மணல்தரைக்கு மிக அருகில் விசிறியைச் சுழற்றினால் கிளம்பும் தூசு பாலிப்புகளின்மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். தென்கொரியாவின் ஜேஜூ தீவில், மென்பவளங்களுக்காகப் பாதுகாக்கப்பட்ட முன்சோம் தீவைச் சுற்றி 1988-இலிருந்து ஓடிய சுற்றுலா நீர்மூழ்கியால் பாறைச் சுவரும் பவளமும் சேதமானது மூழ்காளர்களின் ஆய்வில் தெரியவந்தது. பாரம்பரியத் துறை அதன் அனுமதியை மேற்கொண்டு நீட்டிக்கவில்லை.

சில இடங்களில் இதற்கு நல்ல மாற்று செய்திருக்கிறார்கள். ஹவாயின் வைகீக்கி கடற்கரைக்கு எதிரே, பயன்பாடு முடிந்த கடற்படை எண்ணெய்க் கப்பல் ஒன்றைச் சுத்தம் செய்து 1989-இல் ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். நீர்மூழ்கி அதைச் சுற்றி ஓடுகிறது. பவளமும் மீனும் அதில் குடியேறியிருக்கின்றன, இயற்கைப் பாறைக்கு நெருக்கடி குறைகிறது. இப்படிச் செயற்கைத் திட்டைக் காட்டும் பயணம் என்றால் "அசல் இல்லையா" என்று முகம் சுளிக்க வேண்டாம். அங்கே கப்பல் இன்னும் நெருங்கிப் போக முடியும், நிறமும் விவரமும் கூடுதலாகக் கிடைக்கும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மூழ்காளர் வந்து இரை தூவி மீன்களைக் கூட்டிக் காட்டும் நிகழ்ச்சி சில இடங்களில் உண்டு. குழந்தைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் இரைக்குப் பழகிய மீன்கள் பாறையில் பாசி மேய்வதைக் குறைத்துக்கொள்ளும், முரட்டு மீன்கள் கூடி மற்றவற்றை விரட்டும். இரை போடாத பயணம் கிடைத்தால் அதையே பதிவு செய்யுங்கள். கிடைக்காத இடத்தில், "எங்கள் ஓட்டத்தில் இரை வேண்டாம், அந்த நேரத்தையும் சுவரோரம் மெதுவாக ஓட்டுங்கள்" என்று ஏறும் முன் பணியாளரிடம் சொல்லிவையுங்கள்.